ட்ரவுட்டும் ஓட்டானியும் இருந்தும் ஏஞ்சல்ஸ் ஏன் தோற்றது?

2018 முதல் 2023 வரை ஆறு சீசன்கள் பேஸ்பால் நட்சத்திரங்களான மைக் ட்ரவுட்டும் ஷோஹெய் ஓட்டானியும் ஒரே அணிக்கு ஆடினார்கள். அந்த ஆறு ஆண்டில் அமெரிக்கன் லீகின் (மேஜர் லீக் பேஸ்பாலின் இரு பாதிகளில் ஒன்று; மற்றது நேஷனல் லீக்) எம்விபி விருது, அதாவது சீசனின் சிறந்த வீரர் விருது, மூன்று முறை இவர்களுக்கே வந்தது: 2019இல் ட்ரவுட், 2021இலும் 2023இலும் ஓட்டானி. அதே ஆறு ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் ஒரு சீசனில்கூட தோற்றதைவிட அதிக ஆட்டங்களை ஜெயிக்கவில்லை. 80, 72, சுருக்கப்பட்ட 2020 சீசனில் 26, பிறகு 77, 73, 73. ப்ளேஆஃபுக்குக் கடைசியாகப் போனது 2014இல். அந்த முறையும் கேன்சஸ் சிட்டி ராயல்ஸிடம் மூன்று ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்று வெளியேறியது.

இதை "துரதிர்ஷ்டம்", "காயம்" என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். காயங்கள் உண்மைதான். ஆனால் எல்லா அணிக்கும் காயம் வருகிறது. ஏஞ்சல்ஸ் வீழ்ந்ததற்கு அதன் ரோஸ்டர் (வீரர் பட்டியல்) கட்டப்பட்ட விதமே காரணம். அணியை மேம்படுத்துவது என்றால் மேலே இன்னொரு நட்சத்திரத்தைச் சேர்ப்பது என்று நிர்வாகம் ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டது. பேஸ்பாலில் மேம்பாடு பெரும்பாலும் கீழிருந்துதான் வர வேண்டும்: 15ஆவது ஆள் முதல் 35ஆவது ஆள் வரை யார் இருக்கிறார்கள் என்பதுதான் 73 வெற்றியையும் 88 வெற்றியையும் பிரிக்கிறது.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடாது. டி20இல் ஒரு தொடக்க ஆட்டக்காரர் நிலைத்து நின்றால் இன்னிங்ஸில் பாதிப் பந்தைக்கூட அவரே ஆடிவிடலாம். பேஸ்பாலில் முடியாது. ஒன்பது பேட்டர்களும் வரிசையாக வந்தே ஆக வேண்டும். ஓர் அணிக்கு ஒரு சீசனில் ஏறக்குறைய 6,100 பேட்டிங் வாய்ப்புகள் கிடைக்கும். ட்ரவுட் ஒரு ஆட்டம் விடாமல் ஆடினாலும் அவருக்கு அதில் 680, 700தான் வரும். மீதி 5,400 மற்றவர்களுடையது. கடைசி இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது உங்கள் சிறந்த பேட்டரை உள்ளே அனுப்பும் உரிமை உங்களுக்கு இல்லை. வரிசையில் யாருடைய முறையோ அவர்தான் போவார்.

பந்துவீச்சில் கணக்கு இன்னும் கறாரானது. ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் வீதம், 162 ஆட்டத்துக்கு ஓர் அணி சுமார் 1,440 இன்னிங்ஸ் வீச வேண்டும். பேட்டிங்கும் பந்துவீச்சும் இரண்டும் செய்யும் ஓட்டானி 2022இல் 166 இன்னிங்ஸ் வீசினார், ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன்) 2.33. அபாரமான சீசன். அப்படியும் மீதமிருக்கும் 1,270 இன்னிங்ஸை வேறு யாரோதான் வீச வேண்டும். அந்த 1,270இல் சராசரி ஈஆர்ஏ 4.50ஆக இருப்பதற்கும் 4.00ஆக இருப்பதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்பது இன்னிங்ஸுக்கு அரை ரன். 1,270ஐ ஒன்பதால் வகுத்தால் 141. அதில் பாதி, ஏறக்குறைய 70 ரன். பத்து ரன் ஒரு வெற்றிக்குச் சமம் என்பது புள்ளிவிவரக்காரர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. ஆக ஏழு வெற்றி. பெயர் தெரியாத பத்துப் பன்னிரண்டு பிட்ச்சர்கள் (பந்துவீச்சாளர்கள்) ஒவ்வொருவரும் கொஞ்சம் மேம்பட்டால் ஒரு எம்விபி தரத்து ஆட்டக்காரரின் பலன் கிடைத்துவிடும்.

மறுபக்கத்திலிருந்தும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மைனர் லீகிலிருந்து (மேஜர் லீகுக்குக் கீழே உள்ள பயிற்சி நிலை அணிகள்) குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எளிதில் கூட்டிவரக்கூடிய ஆட்களை மட்டும் வைத்து ஓர் அணி அமைத்தால் அது ஒரு சீசனில் சுமார் 48 ஆட்டம் ஜெயிக்கும் என்பதுதான் 'வார்' கணக்கின் அடித்தளம். அதற்கு மேல் ஒரு வீரர் எத்தனை வெற்றியைக் கூட்டுகிறார் என்பதே அவருடைய வார். 2022இல் ட்ரவுட்டும் ஓட்டானியும் சேர்ந்து ஏறக்குறைய 16 வெற்றியைக் கூட்டினார்கள். 48ம் 16ம் 64. ஏஞ்சல்ஸ் ஜெயித்தது 73. அப்படியென்றால் அந்த ஆண்டு ஏஞ்சல்ஸ் சீருடை அணிந்த மற்ற எல்லோரும் சேர்ந்து கூட்டியது ஒன்பதே வெற்றி. அந்த ஆண்டு அமெரிக்கன் லீகின் கடைசி ப்ளேஆஃப் இடத்தை டாம்பா பே 86 வெற்றியுடன் பிடித்தது. ஏஞ்சல்ஸுக்குத் தேவைப்பட்டது மூன்றாவது எம்விபி இல்லை. சுமாரான ஆட்கள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு வெற்றி கூட்டுபவர்களாக இருந்திருந்தால் போதும்.

2022 எப்படிச் சிதைந்தது என்பதைப் பார்த்தாலே தெரியும். தொடக்கம் 27 வெற்றி, 17 தோல்வி. மே 25 முதல் 14 ஆட்டம் தொடர் தோல்வி. நடுவில், ஜூன் 7 அன்று, களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் ஜோ மேடனை நீக்கினார்கள். ஆந்தனி ரெண்டோனுக்கு மணிக்கட்டு அறுவை சிகிச்சை, டேவிட் ஃப்ளெச்சருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை, பின்னர் ட்ரவுட்டுக்கு முதுகு. இடத்தை நிரப்ப வந்தவர்களில் ஷார்ட்ஸ்டாப் ஆண்ட்ரூ வெலாஸ்க்கெஸ் ஃபீல்டிங்கில் கெட்டிக்காரர். ஆனால் பேட்டிங் சராசரி .196, அதாவது பத்து முறைக்கு இரண்டு ஹிட்கூட இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பதிலி ஆளாக வைத்திருக்க வேண்டிய ஒருவரை முக்கால்வாசி நாள் ஆட வைக்கும் நிலைக்கு அணி வந்ததுதான் பிரச்சினை. மேனேஜரை மாற்றினால் இது மாறாது. மேடன் போனபின் முடிவு எப்படி இருந்தது என்பதற்கு 73-89 என்ற எண்ணே சாட்சி.

பணம் எங்கே போனது

மேஜர் லீகில் ஐபிஎல் மாதிரி கட்டாயச் சம்பள வரம்பு கிடையாது. ஒரு கோட்டைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2023இல் அந்தக் கோடு 23.3 கோடி டாலர். முதல் ஆண்டு தாண்டினால் மிகைத் தொகையில் 20 சதவீதம், அடுத்தடுத்த ஆண்டுகளில் 30, 50 என்று ஏறும். கணக்கில் எடுப்பது அந்த ஆண்டு கையில் கொடுக்கும் சம்பளத்தை அல்ல. ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்த சராசரியை.

ட்ரவுட்டின் 12 ஆண்டு ஒப்பந்தம் 42.65 கோடி; ஆண்டுக்கு சுமார் 3.55 கோடி. 2019 டிசம்பரில் ரெண்டோனுக்குக் கொடுத்தது ஏழு ஆண்டுக்கு 24.5 கோடி, ஆண்டுக்கு 3.5 கோடி. 2023இல் ஓட்டானிக்கு 3 கோடி. மூன்று பேருக்கு மட்டும் பத்துக் கோடி டாலர், அதாவது வரிக்கோட்டில் 43 சதவீதம். மீதியில்தான் 40 பேர் பட்டியலின் மற்ற 37 பேரும், வீரர்களின் காப்பீடு உள்ளிட்ட செலவுகளும் அடங்க வேண்டும். இந்த மூவரில் ஒருவர் ஆடாமல் போனால் அந்த இடத்தில் 3.5 கோடிக்கு இன்னொருவரை வாங்க முடியாது. குறைந்தபட்சச் சம்பளத்து ஆள்தான் வருவார். ரெண்டோன் 2021இலிருந்து 2024 வரை முறையே 58, 47, 43, 57 ஆட்டங்கள் ஆடினார். 2025இல் இடுப்பு அறுவை சிகிச்சையால் ஓர் ஆட்டமும் இல்லை. ஒப்பந்தம் போட்டபோது அவருக்கு 29 வயது, உலகத் தொடர் (மேஜர் லீகின் இறுதித் தொடர்) ஜெயித்துவிட்டு வந்தவர். வாங்கியபோது அது முட்டாள்தனமாகத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த டிசம்பரில் ஏஞ்சல்ஸின் ஓட்டை பிட்ச்சிங்கில் இருந்தது. வாங்கியதோ பிட்ச்சரை அல்ல, தேர்ட் பேஸ் காக்கும் ஓர் ஆட்டக்காரரை.

இது முதல் முறையும் இல்லை. 2011 டிசம்பரில் ஆல்பர்ட் புஹோல்ஸுக்குப் பத்து ஆண்டு, 24 கோடி. அதே நாளில் சி.ஜே. வில்சனுக்கு ஐந்து ஆண்டு, 7.75 கோடி. ஓராண்டு கழித்து ஜாஷ் ஹாமில்டனுக்கு ஐந்து ஆண்டு, 12.5 கோடி. ஹாமில்டன் இரண்டே சீசன் ஆடினார்; 2015இல் சம்பளத்தின் பெரும்பகுதியை ஏஞ்சல்ஸே கொடுத்து அவரை டெக்சஸுக்குத் திருப்பி அனுப்பியது. புஹோல்ஸை 2021 மே மாதம், ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில், விடுவித்தது.

இந்தக் கைச்சாத்துகளின் விலையைப் பேசும்போது டாலரை மட்டும் சொல்வார்கள். டாலரைவிடக் கனமான விலை ஒன்று இருந்தது: டிராஃப்ட் இடங்கள், அதாவது ஆண்டுதோறும் புதிய இளம் வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது அணிக்குக் கிடைக்கும் முறை. பழைய அணிக்கு ஈடு கேட்கும் உரிமை உள்ள ஃப்ரீ ஏஜென்டை (ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வந்த வீரரை) வாங்கினால் வாங்கும் அணி தன் டிராஃப்ட் இடத்தை இழக்க வேண்டும். புஹோல்ஸுக்காகவும் வில்சனுக்காகவும் 2012இன் முதல் இரண்டு சுற்றுகளும் போயின. ஹாமில்டனுக்காக 2013இன் முதல் சுற்று போனது. 2012, 2013இல் எடுக்கப்பட வேண்டியவர்கள் மேஜர் லீகில் வளர்ந்து நிற்கும் காலம் 2016, 2017, 2018. ட்ரவுட் உச்சத்தில் இருந்த, ஓட்டானி வந்துசேர்ந்த அதே காலம். அப்போது மைனர் லீகில் கைகொடுக்க ஆள் இல்லாமல் போனதற்கு விதை இங்கேதான் இருக்கிறது. பாடம் படித்ததாகவும் தெரியவில்லை. 2021 நவம்பரில் நோவா சிண்டர்கார்டை ஓர் ஆண்டுக்கு 2.1 கோடிக்கு வாங்கியதில் 2022இன் இரண்டாவது சுற்று போனது. அடுத்த ஆண்டு டைலர் ஆண்டர்சனை வாங்கியதில் 2023இன் இரண்டாவது சுற்று போனது. சிண்டர்கார்டோ சீசன் தொடங்கிய நான்கு மாதத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்கு ட்ரேட் (வீரர் பரிமாற்றம்) ஆகிவிட்டார்.

ஒரு டிராஃப்ட் இடத்துக்கு என்ன மதிப்பு என்பதை ஏஞ்சல்ஸைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டிய அணி வேறில்லை. 2008 ஜூலையில் இரண்டு மாத ஆட்டத்துக்காக மார்க் டெக்ஷேராவை அட்லாண்டாவிடமிருந்து வாங்கினார்கள். சீசன் முடிந்ததும் அவர் யாங்கீஸுக்குப் போய்விட்டார். ஈடாக யாங்கீஸின் முதல் சுற்று இடம், 2009 டிராஃப்டின் 25ஆவது இடம், ஏஞ்சல்ஸுக்கு வந்தது. அந்த இடத்தில் எடுக்கப்பட்டவர்தான் மைக் ட்ரவுட். அதற்கு முந்தைய 24ஆவது இடமும், மெட்ஸுக்குப் போன ஃபிரான்சிஸ்கோ ரோட்ரிகஸுக்கு ஈடாக ஏஞ்சல்ஸுக்கே வந்திருந்தது. அதில் எடுத்தது ராண்டல் க்ரிச்சுக்கை. க்ரிச்சுக் பெயரை நினைவில் வையுங்கள்.

பட்டியல் விதிகள் எங்கே கழுத்தைப் பிடிக்கும்

அணிக்கு 26 பேர் களத்துக்கு, செப்டம்பரில் 28. 26 பேரில் பிட்ச்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. இவர்களையும் சேர்த்து 40 பேர் பட்டியல். மைனர் லீகிலிருந்து யாரை மேலே கொண்டுவர வேண்டுமானாலும் அவர் இந்த 40க்குள் இருக்க வேண்டும். நிறைந்திருந்தால் ஒருவரை வெளியேற்றித்தான் இன்னொருவரைச் சேர்க்க முடியும். வெளியேற்றப்படுபவருக்கு ஏழு நாள் கெடு: அதற்குள் அவரை ட்ரேட் செய்யலாம், அல்லது வேவர்ஸில் போட வேண்டும். வேவர்ஸ் என்பது பொது விடுவிப்புப் பட்டியல்: மற்ற அணிகள் யார் வேண்டுமானாலும் ஈடாக எதுவும் தராமல், மீதிச் சம்பளத்தை மட்டும் ஏற்று, அவரை எடுத்துக்கொண்டு போகலாம்.

40க்குள் இருப்பவரை மைனருக்கு அனுப்பி அழைப்பதற்குத்தான் 'ஆப்ஷன்'. ஒரு வீரருக்கு மூன்று ஆப்ஷன் ஆண்டுகள். ஒரு சீசனில் ஐந்து முறைக்கு மேல் கீழே அனுப்பக் கூடாது. அனுப்பிய பிட்ச்சரை 15 நாளைக்கும் மற்றவர்களை 10 நாளைக்கும் திரும்ப அழைக்க முடியாது, காயப்பட்டவருக்குப் பதிலாக வந்தால் மட்டும் விலக்கு. மேஜர் லீகில் ஐந்து ஆண்டு சர்வீஸ் முடித்தவர் தன் சம்மதமின்றிக் கீழே போக மாட்டார்.

காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும் இந்த விதிகள்தான் ஜூன் மாதத்து ஆட்டங்களைத் தோற்கடிக்கின்றன. ஓர் இரவு ஆட்டம் 13 இன்னிங்ஸ் இழுத்தது, ஏழு ரிலீவர்கள் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வரும் பிட்ச்சர்கள்) வீசிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல அணி மறுநாள் காலை ஆப்ஷன் உள்ள இரண்டு ரிலீவர்களைக் கீழே அனுப்பிவிட்டு, மைனர் லீகின் உச்ச நிலையான ட்ரிபிள்-ஏவிலிருந்து புத்துணர்வோடு இருக்கும் இருவரை விமானத்தில் வரவழைக்கும். ஏழு ரிலீவர்களும் ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்த மூத்தவர்கள் என்றால் அது நடக்காது. களைத்த ஆளையே திரும்ப வீச வைப்பார்கள், அல்லது ஒருவரை மொத்தமாக இழப்பார்கள். மூத்த ரிலீவர் ஒருவருடன் கையெழுத்து போடும்போது அவருடைய ஈஆர்ஏவை மட்டும் பார்க்கக் கூடாது, அவர் இடத்தை எத்தனை முறை சுழற்ற முடியும் என்பதையும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஓட்டானி விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இருவழி வீரர் என்ற வகைப்பாடு இருந்ததால் அவர் 13 பிட்ச்சர் கணக்கில் வர மாட்டார். ஏஞ்சல்ஸ் உண்மையில் ஒரு பிட்ச்சரைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். பெரிய சலுகை. ஆனால் அவருக்கு ஓய்வு வேண்டும் என்பதால் ஐந்துக்குப் பதில் ஆறு ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்ச்சர்கள்) தேவைப்பட்டார்கள். சலுகை அங்கேயே கரைந்தது. ஃபீல்டிங் செய்யாமல் பேட்டிங் மட்டும் செய்யும் டெசிக்னேட்டட் ஹிட்டர் இடமும் அன்றாடம் அவருடையது. வயதான, காயம்பட்ட பேட்டர்களை ஃபீல்டிங்கிலிருந்து விடுவித்து ஆட வைக்கத்தான் மற்ற அணிகள் அந்த இடத்தைப் பயன்படுத்துகின்றன. ட்ரவுட்டுக்கும் ரெண்டோனுக்கும் அந்த வழி அடைபட்டிருந்தது. ஓட்டானி மாதிரி ஒருவர் இருக்கிறார் என்றால், ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஸ்டார்ட்டர் யார் என்ற கேள்விக்கும், நான்காவது அவுட்ஃபீல்டர் யார் என்ற கேள்விக்கும் எல்லா அணிகளையும்விட நல்ல பதில் ஏஞ்சல்ஸிடம் இருந்திருக்க வேண்டும். 2021 டிராஃப்டில் 20 சுற்றிலும் பிட்ச்சர்களாகவே எடுத்தது இந்த ஓட்டையைத் தாமதமாக உணர்ந்ததன் அடையாளம். யோசனை சரி. பலன் தர நான்கைந்து ஆண்டு ஆகும், அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

பொறுக்கவில்லை. 2023 ஜூலை 26 அன்று, ப்ளேஆஃப் இடத்துக்குச் சில ஆட்டங்கள் பின்தங்கியிருந்த நிலையில், லூகாஸ் ஜியோலிட்டோவையும் ரெய்னால்டோ லோபெஸையும் ஒயிட் சாக்ஸிடமிருந்து வாங்கினார்கள். கொடுத்தது கேட்ச்சர் எட்கர் கேரோ, பிட்ச்சர் கை புஷ். புஷ், அந்த 20 பிட்ச்சர்களில் இரண்டாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். வாங்கிய இருவருக்கும் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது. கேரோவுக்கு மேஜர் லீகில் நுழைந்தபின் ஆறு ஆண்டு உரிமை அணியிடம் இருக்கும். சில நாளில் கொலராடோவிலிருந்து சி.ஜே. க்ரானும், ஆம், ராண்டல் க்ரிச்சுக்கும் வந்தார்கள்.

ஆகஸ்டில் 8 வெற்றி, 19 தோல்வி. ட்ரவுட் ஜூலை தொடக்கத்தில் கை எலும்பு முறிந்து வெளியே. ஆகஸ்ட் 23 அன்று ஓட்டானியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது தெரியவந்தது. ஜியோலிட்டோ ஏஞ்சல்ஸுக்காக ஆறு ஆட்டம் தொடங்கினார், ஈஆர்ஏ 6.89. ஆகஸ்ட் 29 அன்று ஜியோலிட்டோ, லோபெஸ், மேட் மூர், ஹன்டர் ரென்ஃப்ரோ, டாமினிக் லியோன், க்ரிச்சுக் ஆறு பேரையும் ஒரே நாளில் வேவர்ஸில் போட்டார்கள். முதல் மூவரைக் கிளீவ்லேண்ட் எடுத்துக்கொண்டது, ரென்ஃப்ரோவை சின்சினாட்டி, லியோனை சியாட்டில். க்ரிச்சுக்கை யாரும் எடுக்கவில்லை.

வேவர்ஸில் போட்ட அந்த நாளைப் பலர் கேவலமாகப் பேசினார்கள். என் பார்வையில் அந்த சீசனில் நிர்வாகம் செய்த தெளிவான வேலை அதுதான். அந்த சீசனோடு ஒப்பந்தம் முடியும் ஓட்டானி போகப்போகிறார் என்றால் ஈடாக ஒரு டிராஃப்ட் இடம் வரும். வரிக்கோட்டைத் தாண்டிய அணிக்கு அது நான்காவது சுற்றுக்குப் பின், தாண்டாத அணிக்கு இரண்டாவது சுற்றுக்குப் பின். சம்பளத்தைக் குறைத்து ஏஞ்சல்ஸ் கோட்டுக்குக் கீழே வந்தது. 2024இல் 74ஆவது இடம் கிடைத்தது. ரயன் ஜான்சன் என்ற பிட்ச்சரை எடுத்தார்கள். ஓட்டானி பத்து ஆண்டு, 70 கோடி ஒப்பந்தத்தில் டாட்ஜர்ஸுக்குப் போனார். அதற்கு ஈடு ஓர் 74ஆவது இடம். தவறு ஆகஸ்டில் நடக்கவில்லை, ஜூலையில் நடந்தது. 2008இல் டெக்ஷேராவை இரண்டு மாதத்துக்கு வாங்கியபோது அவர் போனாலும் ஈடு வந்தது. 2012 முதல் விதி மாறிவிட்டது: சீசன் நடுவில் வாங்கிய வீரர் போனால் ஈடு கிடையாது. இரண்டு மாத வாடகை வீரருக்கு இன்று கொடுக்கும் விலை முழுவதும் அந்த இரண்டு மாதத்துக்கானது. ஜியோலிட்டோவுக்கு அதில் பதினொரு ஸ்டார்ட் கிடைக்கலாம். பதினொரு ஸ்டார்ட்டில் மிக நல்ல பிட்ச்சரும் ஒன்றிரண்டு வெற்றிக்கு மேல் கூட்ட மாட்டார். ஓட்டானியோ அதே ஜூலையில் ட்ரேட் சந்தையில் இருந்திருக்கக்கூடிய மிகப் பெரிய சொத்து.

சந்தையில் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. எப்படி வாங்குவது என்பதற்கு 2021 அட்லாண்டாதான் உதாரணம். ஜூலை 10 அன்று ரொனால்ட் அகூன்யாவின் முழங்கால் போனது. மார்செல் ஓசுனா மே முதலே இல்லை. ஜூலை இறுதியில் அணி ஜெயித்தது ஆடியதில் பாதிக்கும் கீழே இருந்தது. பொது மேலாளர் அலெக்ஸ் ஆந்தோபுலஸ் அகூன்யாவுக்கு மாற்றாக ஒரு நட்சத்திரத்தைத் தேடவில்லை. நான்கு அவுட்ஃபீல்டர்களை வாங்கினார்: ஜாக் பீடர்சன், ஆடம் டுவால், ஜோர்ஜ் சொலேர், எடி ரொசாரியோ. நால்வருக்கும் அந்த ஆண்டு சுமாராகவோ மோசமாகவோ போய்க்கொண்டிருந்தது, ஆகவே விலை மலிவு. ரொசாரியோவுக்காகக் கொடுத்தது பாப்லோ சாண்டோவலை. கிளீவ்லேண்ட் அவரை உடனே விடுவித்துவிட்டது. காலியாகக் கிடந்த மூன்று இடங்களில் சராசரி ஆட்டக்காரர்கள் வந்து நின்றதே பெரிய ஏற்றம். 88 வெற்றி. நேஷனல் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் ரொசாரியோ, உலகத் தொடரின் சிறந்த வீரர் சொலேர்.

டாட்ஜர்ஸ் பணத்தால் ஜெயிக்கிறது என்பது பாதி உண்மை. ஜஸ்டின் டர்னர் 2014இல் மைனர் லீக் ஒப்பந்தத்தில் வந்தவர். மேக்ஸ் மன்சி 2017இல் ஓக்லேண்ட் விடுவித்த பிறகு அதே மாதிரி வந்தவர். கிறிஸ் டெய்லரை 2016இல் சியாட்டிலிடமிருந்து ஒரேயொரு பிட்ச்சரைக் கொடுத்து வாங்கினார்கள். 2024 ஜூலையில் வாங்கிய டாமி எட்மன் மணிக்கட்டு அறுவை சிகிச்சையால் அந்த ஆண்டு அதுவரை ஓர் ஆட்டமும் ஆடாதவர். ஆனால் ஷார்ட்ஸ்டாப்பும் ஆடுவார், சென்டர் ஃபீல்டும் ஆடுவார். அக்டோபரில் அவர்தான் நேஷனல் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர். இரண்டு கடினமான இடங்களை ஒருவரே பார்த்துக்கொண்டால் 26 பேரில் ஓர் இடம் மிச்சம். அந்த மிச்சத்தின் மதிப்பு எந்தப் புள்ளிவிவர அட்டையிலும் வராது.

ஆகவே ஓர் அணி யாரையாவது வாங்கியது என்ற செய்தி வந்தால், வந்தவரின் ஹோம் ரன் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் அவர் யாருடைய வாய்ப்புகளை எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். நான்கு வெற்றி கூட்டுபவர் இடத்தில் ஐந்து வெற்றி கூட்டுபவர் வந்தால் லாபம் ஒன்று. பூஜ்யத்துக்கும் கீழே இருப்பவர் இடத்தில் இரண்டு வெற்றி கூட்டுபவர் வந்தால் லாபம் இரண்டுக்கு மேல், விலையோ நான்கில் ஒரு பங்கு. பிறகு ட்ரிபிள்-ஏ ரொட்டேஷனை (ஸ்டார்ட்டர்களின் வரிசையை) திறந்து ஆறாவது முதல் ஒன்பதாவது ஸ்டார்ட்டர் வரை பெயர்களைப் படியுங்கள். ஆகஸ்டுக்குள் அவர்கள் எல்லோரும் வீசத்தான் போகிறார்கள். புல்பென்னில் (ரிலீவர்கள் குழுவில்) ஆப்ஷன் உள்ளவர்கள் மூன்று பேராவது இருக்கிறார்களா என்று எண்ணுங்கள். கடைசியாக, கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் மிச்சமிருக்கும் ஆண்டுகளை ஒப்பிடுங்கள்.

இந்த அளவுகோலில் இன்றைய ஏஞ்சல்ஸைப் பார்த்தால் நம்பிக்கைக்கும் கவலைக்கும் இடமிருக்கிறது. 2024இல் 99 தோல்வி, அணியின் வரலாற்றிலேயே மிக மோசம். 2025இல் 72 வெற்றி. 2022 டிராஃப்டில் எடுத்த சாக் நெட்டோ 2024இல் 23 ஹோம் ரன், 30 பேஸ் திருட்டு என்று முழுமையான ஷார்ட்ஸ்டாப்பாக வளர்ந்துவிட்டார். ஜோ அடெல் 2017இன் பத்தாவது தேர்வு. 2020இல் அறிமுகமாகி, மூன்று ஆப்ஷனையும் தீர்த்துவிட்டு, 2025இல் 37 ஹோம் ரன் அடித்தார். எத்தனையோ முறை அவரைக் கைவிட்டிருக்கலாம். விடாமல் வைத்திருந்தது நல்லது. எனக்கு உறுத்துவது அவசரம்தான். நோலன் ஷானுவெல் 2023 டிராஃப்டில் எடுக்கப்பட்ட 40ஆவது நாளில் மேஜர் லீகில் ஆடினார். ஆறு ஆண்டு உரிமைக் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கியது. மைனரில் சின்னக் கூட்டத்துக்கு முன் கற்றுக்கொள்ள வேண்டியதை அணியின் விலைமதிப்புள்ள ஆண்டுகளில் கற்றுக்கொள்கிறார்.

2025 நவம்பரில் பொது மேலாளர் பெர்ரி மினாசியன் செய்த ட்ரேட் வேறு திசையில் இருந்தது. அந்த ஆண்டு 36 ஹோம் ரன் அடித்த டெய்லர் வார்டை பால்டிமோருக்குக் கொடுத்து, பிட்ச்சர் கிரேசன் ரோட்ரிகஸை வாங்கினார். வார்டுக்கு மிச்சம் ஓர் ஆண்டு, ரோட்ரிகஸுக்கு நான்கு. ரோட்ரிகஸ் 2025 முழுவதும் காயத்தால் ஆடவில்லை. அதனால்தான் இந்த விலைக்குக் கிடைத்தார். ஆண்டுக் கணக்கில் இது சரியான ட்ரேட். ஆனால் காயத்திலிருந்து வரும் ஒருவரிடம் முதல் ஆண்டே 160 இன்னிங்ஸ் எதிர்பார்க்கக் கூடாது. 110, 120 என்று வைத்துக்கொண்டு, மீதி 50 இன்னிங்ஸை வீச ஆப்ஷன் உள்ள இரண்டு ஸ்டார்ட்டர்களை ட்ரிபிள்-ஏவில் தயாராக நிறுத்த வேண்டும்; வார்டு விட்டுப்போன லெஃப்ட் ஃபீல்டில் ஒரே பெரிய பெயரைத் தேடாமல் வலக்கை, இடக்கை பேட்டர்கள் இருவரைப் பங்கிட்டு ஆட வைக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு ரெண்டோனின் ஓராண்டுச் சம்பளத்தில் கால்வாசியைத் தாண்டாது.